கீழறையில் யாரும் படுப்பதில்லை

எங்கள் ஊர்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்க வேண்டும். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் வீட்டைப் பார்ப்பார்கள். பெண்ணுக்கு மூக்குச் சப்பை என்றால் அல்லாஹ் தந்த மூக்கு என்று விட்டுவிடுவார்கள், கூரை ஒழுகினால் விடமாட்டார்கள். என் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எங்கள் மேல்வீட்டுத் தளம் உறுதியா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஓவசியரையே கூட்டி வந்தார்கள்.

கல்முனைக்குத் தெற்கே எங்கள் தெருவில் மேல்வீடு வைத்த வீடு எங்களுடையது ஒன்றுதான். ஒல்லாந்தர் காலத்தில் யாரோ நெல் வியாபாரி கட்டியது என்று வாப்பா சொல்வார். வாப்பாவின் தம்பி அதெல்லாம் புளுகு, வெள்ளைக்காரன் காலத்து வீடு என்பார். யார் கட்டினாலும் கீழே நெல் அடுக்கவும் மேலே காற்று வாங்கவும் கட்டியிருக்கிறான். சுவருக்குச் சுவர் உத்திரமாகப் பனை வளைகள் போட்டு, அவற்றின் மேல் முதிரைப் பலகை பரப்பிய தளம். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் எங்களுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

அந்தத் தளத்தின் நோய் வீட்டாருக்கு மட்டும் தெரியும். எந்த மூலையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் அது உருண்டு நடுவுக்கு வந்து நிற்கும். நடுவில் யாராவது நடந்தால் கண்ணாடி அலுமாரி கிடுகிடுக்கும். நாங்கள் சின்ன வயதிலிருந்தே சுவரோரமாக நடந்து பழகியவர்கள். மேலே போனால் எங்கள் கால்கள் தாமாகவே சுவரைத் தேடிப் போய்விடும்.

சரி, தளத்தின் நோய் கிடக்கட்டும். அதைவிடப் பெரிய நோய் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அந்த வீடு எனக்கு மூத்தவளான ராத்தாவுடையது.

ராத்தாவின் கலியாணப் பந்தலில், பள்ளிவாசல் பெரியவர்களான மரைக்காயர்கள் இருக்க, வாப்பா எழுந்து நின்று, "இந்த வீடு மூத்த மகளுக்கு" என்று சொன்னார். அப்போதெல்லாம் சொன்னால் போதும். உம்மாவும் வாப்பாவும் தம்பிமாரும் நானும் வளவின் பின்பக்கம் ஒரு கிடுகுக் குடிலுக்குப் போனோம். பிள்ளை இல்லை என்ற சாட்டில் ராத்தாவின் மாப்பிள்ளை தலாக் சொல்லிப் போனார். தனியாக இருக்கிறாளே என்று துணைக்கு நாங்கள் திரும்பவும் பெரிய வீட்டுக்கு வந்தோம். துணைக்கு வந்தவர்கள் மெல்ல மெல்ல வீட்டுக்காரராகிவிட்டோம். ராத்தா மேல்வீட்டிலிருந்து கீழறைக்கு இறங்கினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை என்று உம்மா சொல்வார். அது உண்மைதான். யாரும் அவளை ஏறவும் சொல்லவில்லை.

கீழறை என்பது மேல்தளத்துக்கு நேர் கீழே, கடல் பக்கச் சுவரை ஒட்டிய நீள அறை. முன்பு நெல் அடுக்கிய இடம். ஒரு சின்ன யன்னல். ராத்தாவின் பாய் அந்தச் சுவரோரம் கிடக்கும். வாடைக்காற்று மழையை அந்தச் சுவரில்தான் கொண்டுவந்து அடிக்கும்.

இந்த நிலையில் எனக்குப் பேச்சு வந்தது. தெற்கே சில ஊர்கள் தள்ளி, வயலும் கடையும் உள்ள குடும்பம். வாப்பா அந்த வீட்டையே எனக்கென்று சொன்னார். மூத்த மகள்? அவள் இறக்காமம் ஊரில் வாப்பாவின் தங்கச்சியோடு இருக்கிறாள், அவளுக்கு அங்கே வீடு வயல் எல்லாம் கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ராத்தா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரார் இப்படியான விஷயங்களில் கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்க மாட்டார்கள். முடிந்த பிறகு மூட மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் வாப்பா துணிந்தார் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மராமத்து இலாகாவில் ஓவசியராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். பழைய அரசாங்கக் கட்டடங்களின் மேல்தளங்கள் ஆடினால் அவரைத்தான் அனுப்புவார்களாம். அவர் வருகிறார் என்று கேட்டதும் வாப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்தே வீட்டில் ஒரே அமளி. கால் உடைந்த கதிரை, கிழிந்த பாய், ஓட்டைச் சட்டி, முட்டைக்கு இருந்த கோழி, இப்படிக் கண்ணில் படக்கூடாதது எல்லாவற்றையும் தூக்கிக் கீழறைக்குள் போட்டோம். எல்லாம் போட்டு முடிந்த பிறகு உம்மா ராத்தாவைப் பார்த்தார்.

"அவங்க போகுமட்டும் நீயும் இதுக்குள்ள இரி மகள். இருமல் வந்தாலும் வாயப் பொத்திக்க."

"ஓம் உம்மா," என்றாள் ராத்தா. உள்ளே போய்க் கோழிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

என்னைப் பக்கத்துச் சின்ன அறையில் உடுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஓர் உட்கதவு. அதன் இடுக்கால் எனக்கு ராத்தா தெரிந்தாள். நான் பட்டுச் சேலையில், அவள் தேங்காய்ப்பாலும் புகையும் படிந்த சேலையில். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததே தவிர, நான் கதவைத் திறக்கவில்லை. கதவிடுக்கிலிருந்து விலகி நின்றேன், அவ்வளவுதான்.

ஓவசியர் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சாரன், கோட்டு, துருக்கித் தொப்பி. அவரோடு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சிலர். மேலே வாப்பா செய்திருந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. பாய்களை நாலு சுவரோரமும் விரித்து, நடுவில் ஒன்றும் போடாமல் விட்டிருந்தார். தட்டுத் தூக்கிய என் தம்பிமார் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வட்டிலப்பம் பரிமாறினார்கள். கீழே நின்ற எனக்கு அவர்களுடைய காலடி கேட்டது. கோயிலைச் சுற்றுகிற தேர் மாதிரி ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காலடி மட்டும் சுவரை விட்டு நடுவுக்கு வந்தது. நின்றது. குதிகாலை மெல்லத் தூக்கிப் போட்டது. பலகை இடுக்கால் தூசி கீழறைக்குள் கொட்டியது. அவர் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்காமல் தளத்தில் வைத்து, ஒருவரைக் குறுக்கே நடக்கச் சொல்லி, தண்ணீர் ஆடுவதைப் பார்த்தாராம். சுவருக்குச் சுவர் நூல் கட்டித் தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தாராம். தம்பி பிறகு சொன்னான்.

"மேலால பாத்தாப் பாதிதான் காக்கா," என்று அவர் வாப்பாவிடம் அண்ணன் முறை வைத்துச் சொல்வது படியில் கேட்டது. "நடுவுல தாழ்றது பெரிய காரியமில்ல. வளைட தல சுவருக்குள்ள போற இடந்தான் முக்கியம். ஈரம் அங்கதான் புடிக்கும். கீழால பாக்கணும்."

கீழால் என்றால் கீழறை. பார்க்கக்கூடாதது எல்லாவற்றையும், அவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரே அறைக்குள் நாங்கள் அடுக்கி வைத்திருந்தோம். தளம் பார்க்க வருகிறவன் தளத்தின் மேலே நின்று பார்ப்பான் என்று எங்களுக்கு நினைப்பு. அதற்கு ஒரு கீழ்ப்பக்கமும் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அது பொம்புளயள்ட அறை, ஓவசியர். சாமானும் நெறஞ்சி கிடக்கு," என்றார் வாப்பா.

"பரவாயில்ல. நான் வெளிய நிக்கிறன். உள்ள இரிக்கிற ஆராவது நான் சொல்றத செய்தாப் போதும்."

கதவில் சீலை தொங்கியது. அதன் அப்பால் அவரும் வாப்பாவும், இப்பால் உம்மாவும் ராத்தாவும். மரப்பிடி போட்ட ஒரு கூர்க்கம்பி சீலைக்குக் கீழால் உள்ளே வந்தது. உம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, கை நடுக்கம் வேறு. உம்மா கம்பியை வைத்துக்கொண்டு முழித்தார். ராத்தா அதை வாங்கிக்கொண்டு, கால் உடைந்த கதிரையைச் சுவரில் சாத்தி அதில் ஏறினாள்.

"மொதல்ல கையால தட்டுங்க," என்றார் ஓவசியர்.

அவள் தட்டினாள். கல்லில் தட்டியது போல் சத்தம் வந்தது. அடுத்த வளை. அதுவும் அப்படியே. அடுத்தது. இப்படியே போய்க் கடல் பக்க மூலைக்கு வந்தபோது சத்தம் மாறியது. பழுத்த பூசணிக்காயைத் தட்டினால் வருகிற சத்தம்.

"அதுல கம்பியக் குத்துங்க மகள். சுவரோட சேர்ற இடத்துல."

மகள் என்று சொல்லிவிட்டார். உள்ளே தட்டுவது வீட்டு மகள் என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த வீட்டில் இருக்கும் மகள் ஒருத்திதான் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். ஆகவே அது நான்.

ராத்தா குத்தினாள். கம்பி வெண்ணெயில் போவது போலப் போய்ப் பிடி வரைக்கும் இறங்கியது. அவள் திரும்பி உம்மாவைப் பார்த்தாள். உம்மா இரண்டு கையையும் ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். நானும் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கையாட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

"உள்ள போகுது மாமா," என்றாள் ராத்தா. "புடி மட்டும் போகுது. அதுக்கு அடுத்ததும் உளுத்துத்தான் இரிக்கி. மரமெல்லாம் மாவாக் கொட்டுது."

எனக்கு ரத்தம் கொதித்தது. பொறாமையில்தான் சொல்கிறாள், என் கலியாணம் குழம்பட்டும் என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. அந்த வளைகளுக்கு நேர் கீழே இத்தனை மழைக்காலம் படுத்து எழும்பியவள் அவள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

வெளியே ஓவசியர் சிரித்தார்.

"காக்கா, நான் எத்தனையோ இடம் பாத்திட்டன். கேட்டா எல்லாரும் நல்லாத்தான் இரிக்கெண்டு சொல்லுவாங்க. கலியாணப் பேச்சு நடக்கக்குள்ள தண்ட வீட்டு ஊத்தைய ஒரு புள்ள வாயால சொல்லுதெண்டா, அந்தப் புள்ளய நம்பி எங்கட மருமகனக் குடுக்கலாம். எனக்குப் புடிச்சிப் போச்சி."

வாப்பா, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். உம்மாவின் முகம் மலர்ந்தது. நான் உட்கதவுக்குப் பின்னால் பட்டுச் சேலையோடு நின்றேன். என் கலியாணம் நிச்சயமாகிக்கொண்டிருந்தது, ராத்தாவின் குரலில். பாராட்டு எனக்கு, உண்மை அவளுக்கு. செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஓவசியர் தொழில் பேச்சுக்கு வந்துவிட்டார். சுவருக்குக் கொஞ்சம் இப்பால் கல் அத்திவாரம் போட்டு முதிரைத் தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்கு வளை ஒன்று போட வேண்டும். அப்போது உளுத்த தலைகளின் பாரம் சுவருக்குப் போகாமல் தூணுக்கு இறங்கும். அறையின் நடுவிலும் அப்படி ஒரு வரிசை வேண்டும், தாழ்வு அதில் நிமிரும். கல்லோயாப் பக்கம் காடு வெட்டுகிற நேரம், முதிரை மலிவு. நிக்காஹ்வுக்கு முதல் முடித்துவிடலாம்.

"ஆனா தூணெல்லாம் வந்தா அறையில எடமிரிக்காது. வேல முடியுமட்டும் இதுக்குக் கீழ ஒருத்தரும் இரிக்கவும் ஏலா, எப்ப விழுமெண்டு சொல்ல ஏலா," என்றவர், சீலைப் பக்கம் திரும்பிக் கேட்டார். "மகள், இந்த அறையில ஆரும் படுக்கிறயா?"

ராத்தா கதிரையில் நின்றபடி கீழே பார்த்தாள். அவளுடைய பாயைச் சுருட்டிக் கிழிந்த பாய்களோடு சேர்த்துப் போட்டிருந்தோம்.

"இல்ல மாமா," என்றாள். "இஞ்ச ஆரும் படுக்கிறல்ல."

வளையைப் பற்றிப் பொய் சொல்ல மறுத்தவள், தன்னைப் பற்றிச் சட்டென்று சொல்லிவிட்டாள். ஒரு தடங்கலும் இல்லை. அந்தப் பொய் அவளுக்கு அவ்வளவு பழகியிருந்தது.

"ராத்தா படுக்கிற!"

கத்தியது நான்தான். பெண் பார்க்க வந்தவர்கள் இருக்க, பேச்சு முடியாத பெண் அறைக்குள்ளிருந்து சத்தம் போடுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. உம்மா வாயில் அடித்துக்கொண்டார். கோழி எழும்பிப் பறந்து ஒரு சட்டியை உடைத்தது.

வெளியே ஓவசியர் மெதுவாகக் கேட்டார். "இது வேற குரல். அப்ப, இவ்வளவு நேரமும் கதைச்ச மகள் ஆரு?"

சீலைக்கு அப்பால் வாப்பாவின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. ஒரு கால்விரல் மற்றக் கால்விரலை மிதித்துக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பிள்ளையைப் போல.

"மூத்த மகள்," என்றார் வாப்பா. "அவ இறக்காமத்துல இல்ல. இஞ்சதான் இரிக்கா. இது... இது அவட வீடு. நான் பந்தல்ல சொல்லிக் குடுத்த வீடு."

வாப்பா அதட்டிப் பேசுகிற மனிதர். அவருடைய அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்களில் ஒருவர் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

ஓவசியர் போகவில்லை. அவர் தொழிலில் ஒரு முறை இருந்தது போலும். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு கட்டடத்திலும் அவர் முட்டுக் கொடுத்ததில்லை. சீலையை நோக்கி, முன்பு பேசியதைவிட மரியாதையாகக் கேட்டார்.

"அப்ப உங்களிட்டத்தான் கேக்கணும் மகள். உங்கட தளத்துக்கு முட்டுக் குடுக்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

ராத்தா கதிரையிலிருந்து இறங்கினாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அப்ப நான் எங்க படுக்கிற, மாமா?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? மேலதான். வீட்டுக்காரி நிம்மதியாப் படுக்கத்தானே முட்டுக் குடுக்கிற."

ராத்தா சுவரில் சாய்ந்து அப்படியே இருந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையில் உம்மா சொன்னதை இன்னும் மீறவில்லை.

அந்தப் பேச்சு அத்தோடு முறிந்தது. பெண் நல்லவள், வீடு இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஓவசியர் மட்டும் சொன்ன சொல் தவறாமல் இரண்டு ஆசாரிமாரைக் கூட்டி வந்து நின்று தூண் போட்டுக் கொடுத்தார். வாப்பா மரைக்காயர்களைக் கூப்பிட்டு வீட்டை ராத்தாவின் பேருக்கு எழுதினார். ராத்தா மேலே ஏறினாள். வாப்பாவும் உம்மாவும் தம்பிமாரும் நானும் மறுபடி பின்வளவுக் குடிலுக்குப் போனோம். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு மருதமுனையில் தறி வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்து, அந்தக் குடிலையே இரண்டு அறையாக்கித் தந்தார்கள். அவர் நல்ல மனிதர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு. ராத்தா இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கலியாண வீடு, கந்தூரி, பிள்ளை பெற்ற வீடு, எங்கே நாலு பெண்கள் சேர்ந்தாலும் சொல்வாள். "தண்ட கலியாணம் முறிஞ்சாலும் பரவாயில்லெண்டு என்ட தங்கச்சி எனக்காக வாயத் துறந்தா," என்பாள். பெண்கள் என் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று அதையும் புகழ்வார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

ஏனென்றால் நான் கத்தியது அவளுக்காக அல்ல. அவள் நானாக நின்று பாராட்டு வாங்கியதைப் பொறுக்க முடியாமல் கத்தினேன். வாப்பா அந்த உடைந்த குரலில் இது அவட வீடு என்று சொன்ன நொடியில், அவருக்காகவும் எனக்கு நெஞ்சு துடிக்கவில்லை, ராத்தாவுக்காகவும் துடிக்கவில்லை. அப்ப எனக்கு எந்த வீடு? இதுதான் என் மனதில் முதலாவதாக வந்தது.

வெகுகாலம் கழித்து, இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு நாள் மேல்வீட்டில் ராத்தாவோடு தனியாக இருந்தபோது இதைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்குமட்டும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"தெரியும் தங்கச்சி," என்றாள். "கதவுடுக்கால உண்ட மொகத்த அண்டைக்கே பாத்தன். ஆறுது, குடி."